கலைகளின் பாகுபாடும் திருவாலங்காடும்

கலை யென்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குவது. ஆண்மான் கலை, உடுக்கும் ஆடை கலை, திங்களின் பதினாறு கூறுகளுள் ஒவ்வொன்றுங் கலை. கற்கப்படும் நூலுங் கலையே. கற்றதனாற் செய்யப்படுந் தொழிலுங் கலையே. நம் சித்தாந்த நூல்களில் இச்சொல் இன்னும் இரண்டிடங்களிற் சிறப்பாக ஆளப்படுகின்றது. நிவிர்த்தி, பிரதிட்டை, வித்தை, சாந்தி, சாந்தியதீதை யென்னும் ஐந்துங் கலைகளாம். ஏனை அத்துவாக்களெல்லாம் இவற்றுள் அடங்கும். வித்தியா தத்துவம் ஏழனுள்ளும் கலையென ஒன்றுண்டு. ஆணவ இருளில் ஒன்றுஞ் செய்யாது கிடக்கும் உயிர்க்கு அவ்விருளைச் சிறிதே நீக்கி, அதன் கிரியா சத்தியை எழுப்புவது அத்தத்துவம். அறிவை எழுப்புவது வித்தை. விழைவை எழுப்புவது அராகம். செயலை எழுப்புவது கலை. இதனை மனத்திற் கொள்ளின், பின்னர் யாம் கூறப்போவது எளிதில் விளங்கும்.

இக்காலத்து நூல்கள் பலவற்றிற் கலை இருவகைத்தெனக் கூறப்படுகின்றது: ஒன்று நுண்கலை, மற்றொன்று பயன்கலை. நுண்கலையினைக் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, காவியம் என ஐந்தாக வகுப்பர். இப்பகுப்பு தொன்றுதொட்டு வந்ததுபோலவே மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது. ஆயின் ஒன்று கேட்போம். தில்லையிலும் ஆலங்காட்டிலும் ஆடுதலையே தன் தொழிலாகக் கொண்டானொருவனை முழுமுதற் கடவுளாக வழிபடும் நாட்டில் எழுந்த பகுப்பாயின், அவ்வைந்தனுள் ஆடல் எங்கே போயிற்று? இவ்வினாவிற்கு விடை காண வேண்டின் பகுப்புக்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

வடமொழியில் அறுபத்துநான்கு கலையென்னும் எண் பெரிதும் வழங்கிற்று. வாத்தியாயனர் தம் காமசூத்திரத்தில் அறுபத்துநான்கினை எண்ணுகின்றார். பாட்டும் வாச்சியமும் ஆடலும் ஓவியமும் அங்கே முதலில் நிற்கின்றன. தொடர்ந்து மாலை தொடுத்தலும், அடுதற்றொழிலும், தச்சும், மனைநூலும், மணிநோட்டமும், கிளிக்குப் பேசக் கற்பித்தலும், சூதும் வருகின்றன. பௌத்தருடைய லலிதவிஸ்தரத்தில் வேறோர் அட்டவணை உண்டு. சமணர் ஆடவர்க்குரிய கலைகளை எழுபத்திரண்டென்பர். எண் நிலைத்திருக்க, எண்ணப்படும் பொருள் நூல்தோறும் வேறுபடுகின்றது. ஆகலின், உண்மையை மறையாது கூறின், இவை தொகைகளேயன்றிப் பாகுபாடுகள் அல்ல. பெட்டியிற் பொருள்களை இட்டு எண்ணியதற்கும், இனம்பற்றிப் பிரித்து வைத்ததற்கும் வேற்றுமையுண்டன்றோ?

பிரிவின் காரணத்தை ஆராய்ந்தது சுக்கிரநீதி. அந்நூல் வித்தை முப்பத்திரண்டென்றும் கலை அறுபத்துநான்கென்றும் கூறி, இரண்டற்கும் இலக்கணமும் வகுக்கின்றது. வாக்கினால் நிகழ்வது வித்தை. ஊமையனும் செய்யவல்லது கலை. இத்துணைச் சுருக்கமும் இத்துணைத் தெளிவும் உடைய வரையறையினைப் பிறிதோரிடத்தில் யாம் கண்டிலேம். கையாலும் காலாலும் உடலாலும் இயல்வதனைக் கலையென்றமையின், ஆடலும் தச்சும் ஒரு பந்தியில் அமர்ந்தன. செயலை எழுப்பும் தத்துவத்திற்குக் கலையென்று பெயரிட்ட நம் ஆகம மரபிற்கும் இது முற்றும் இயைவதாதல் காண்க.

இனி மேனாட்டார் நெறியை நோக்குவோம். ஐரோப்பாவில் இடைக்காலத்தே உரிமை மாந்தர்க்குரிய கலைகள் ஏழெனப்பட்டன: இலக்கணம், சொல்வன்மை, அளவை, எண், வடிவ கணிதம், இசை, வானநூல். இசை கணக்கோடு சேர்ந்திருந்தது. ஓவியரும் கற்றச்சரும் கைவினைஞரோடு ஒதுக்கப்பட்டனர். இந்நிலை பைய மாறி, 1746ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டுப் பாத்தோ என்பார் எழுதிய நூலிற் புதிய பிரிவு திட்டமாக வகுக்கப்பட்டது. இன்பமே பயனாகவுடையன இசை, செய்யுள், ஓவியம், சிற்பம், ஆடல். பயன் கருதியன கைத்தொழில்கள். இரண்டுங் கலந்தன சொல்வன்மையும் கட்டடமும் என்றார் அவர். பாத்தோவின் ஐந்தனுள் ஆடல் இருந்ததென்பதை நினைவிற் கொள்க. அதனை விடுத்துக் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, செய்யுள் என்று வரிசைப்படுத்தியது ஜெர்மன் நாட்டு ஹெகலின் அழகியல் விரிவுரைகள்; அவை அவர் மறைந்தபின் 1835 முதல் அச்சேறின. நம் நூல்களில் ஓதப்படும் ஐந்தும், அவ்வரிசையும்கூட, இதனோடு ஒத்திருத்தலை நோக்கின், ஆடல் போன வழி தெரியும்.

கடல் கடந்து வந்த இப்பிரிவு சென்னையிற் கால்கொண்டபோது நிகழ்ந்தது சுவையுடையது. 1850இல் டாக்டர் அலெக்சாந்தர் ஹன்டர் என்பார் சென்னையிற் கலைப்பள்ளியொன்று தொடங்கினார். 1855இல் அரசியலார் அதனை மேற்கொண்டனர். படம் எழுதுதலை ஒருபாலும், மட்கலம் முதலிய தொழில்களை ஒருபாலும் அமைத்து நடத்தினர். அப்பள்ளியிலேதான் 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். நுண்மையும் பயனும் இருவேறென்று சொல்லிக்கொண்டே, ஒரு கூரையின்கீழ் ஓவியமும் சோற்றுப் பானையும் செய்தனர்! பிரிவு ஏட்டில் நின்றது, பட்டறையில் நிற்கவில்லை.

திருவள்ளூர் மாவட்டத்திற் கொற்றலை யாற்றங்கரையில் அதிரம்பாக்கம் என்றோர் ஊருண்டு. 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் அங்கே பழைய கற்கால மக்கள் செய்த கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை பத்து லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன வென்றும், சராசரியாகப் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுடையன வென்றும் 2011இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. அக்கோடரிகளின் படங்களை நோக்குக. இருபுறமும் ஒத்த வடிவாய், நீர்த்துளியை நிகர்த்துக் குவிந்திருப்பன பல. அறுப்பதற்கு அத்துணை ஒப்புமை வேண்டுவதில்லை. பயனும் அழகும் ஒரு கல்லிலே உடன்பிறந்து கிடக்கின்றன. எதனை முதலில் வைத்து எண்ணுவது? அதே மாவட்டத்தின் வடகோடியிற் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இன்று இரும்பு உருகுகின்றது. தொழில் என்னும் அச்சொல்லையே நாம் இறைவன் செய்யும் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பவற்றிற்கும் வைத்திருக்கின்றோம். அவ்வைந்தொழிலே ஆடலாதல் உண்மை விளக்கம் முதலிய சாத்திரங்களிற் பேசப்படும். தொழில் தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்னும் எண்ணத்திற்கு நம் சொல்வழக்கிலேயே இடமில்லை.

அற்றேல் தமிழர் பாகுபாடு செய்திலரோ வெனின், செய்தனர். மிக நுட்பமாகவே செய்தனர். ஆனால் மேலிருந்து கீழ்நோக்கி உயர்வு தாழ்வு பற்றிச் செய்யாது, செய்வோன் கையிலுள்ள பொருளும் கருவியும் பற்றிச் செய்தனர். சிற்பத்திற்குரிய பொருள்கள் பத்தென்பது திவாகரம்: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. வண்ணம் இப்பத்தனுள் ஒன்றாதலின் ஓவியம் சிற்பத்தின் ஒரு கூறே. சிற்ப நூலார் இதனை வேறொரு வகையாலும் விளக்குவர். முன்னும் பின்னும் முற்ற அமைந்த உருவம் சித்திரம். சுவரிலிருந்து பாதி புடைத்து நிற்பது அர்த்த சித்திரம். வண்ணத்தால் எழுதப்படுவது சித்திராபாசம். ஒரே உருவம் கனத்திற் குறைந்து குறைந்து சுவரிலே தங்கிவிடும் முறை இது. இப்பகுப்பின் உண்மையை மகேந்திரவர்மன் நன்கு அறிந்திருந்தான். மண்டகப்பட்டிற் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததாகக் கல்லிற் பொறித்தான். பத்தனுள் நான்கனை நீக்கிக் காட்டித் தன் புதுமையை நிலைநாட்டினான் எனலாம். சித்திரகாரப்புலி என்பதும் அவன் பெயர்களுள் ஒன்று.

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி எனப் பிரித்தனர். ஓசை எதனிற் பிறக்கின்றதோ அதுவே பிரிவிற்குக் காரணம். மக்கள் மிடறும் கருவிகளுள் ஒன்றாயிற்று. பாடுவோன் கொட்டுவோனினும் உயர்ந்தவனென இப்பகுப்புக் கொண்டு சொல்லவியலாது. பரதமுனிவரும் மிடறு நீங்கலாக நான்கு கூறினர். இந்நாற்பகுப்பின் பின்வரலாறு அறியத்தக்கது. வங்காளத்துச் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய அரசர்க்கு அனுப்பிய இந்திய இசைக்கருவிகள் புரூசல்ஸ் நகரத்துக் காட்சிசாலையிற் சேர்ந்தன. அதன் காப்பாளர் மகியோன், தம்மிடமிருந்த பலநாட்டுக் கருவிகளை இனம் பிரிக்க ஐரோப்பிய முறை போதாமையின், இந்திய நாற்பகுப்பை ஒட்டியே 1880இல் அட்டவணை வெளியிட்டார். அதனை அடியாகக் கொண்டு ஹார்ன்பாஸ்டல், சாக்ஸ் என்னும் இருவர் 1914இல் வகுத்த முறையே இன்று உலகெங்கும் இசைக்கருவி ஆராய்ச்சியில் வழங்குகின்றது. பிறருடைய ஐந்தினை நாம் மனப்பாடஞ் செய்துகொண்டிருக்க, நம்முடைய நான்கினைப் பிறர் எடுத்தாண்டு பயன்பெற்றனர்.

தோற்கருவி யொன்றனையே அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என எழுவகைப்படுத்துவர். கரடிகையும் குடமுழவும் அகமுழவு. தக்கையும் தகுணிச்சமும் அகப்புறமுழவு. இப்பெயர்களைப் படிக்கும்போது எமக்குத் திருவாலங்காடு நினைவிற்கு வரும். ஏனெனில் மூவர்க்கும் முற்பட்ட காரைக்காலம்மையார் அத்தலத்தின்மேற் பாடிய மூத்த திருப்பதிகத்தில், ஒரு பாட்டினுள்ளே, துத்தம் முதலிய இசைப்பெயர்களையும், தக்கை, தகுணிச்சம், கரடிகை, குடமுழவு, மொந்தை, தாளம், வீணை முதலிய கருவிப்பெயர்களையும் நிரம்ப வைத்திருக்கின்றார். உரையாசிரியர் நூற்றாண்டுகள் பல கழித்து வகைப்படுத்திய பெயர்கள் சில, பேய்கள் உலவும் ஒரு சுடுகாட்டுப் பாடலிலே முன்னரே முழங்குகின்றன. தோலும் நரம்பும் கஞ்சமும் அங்கே ஒருங்கே ஒலிக்கின்றன. அவ்வொலிக்கு இயைய ஆடல் நிகழ்கின்றது. பாட்டு, இசை, கூத்து என்று பிரித்தற்கு அப்பதிகத்தில் இடமேயில்லை. இதனைக் கருதியன்றோ முன்னோர் தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக்கியும் முத்தமிழென ஒன்றாகவே வழங்கினர்?

கூத்திலும் பகுப்புக்கள் உண்டு. வேத்தியல், பொதுவியல் என்பது ஆடும் அவை பற்றிய பிரிவு. மாதவி ஆடிய பதினோராடலுள் நின்றாடுவன ஆறு, வீழ்ந்தாடுவன ஐந்து என்பது உடல்நிலை பற்றிய பிரிவு. இறைவனுக்குரிய கொடுகொட்டியும் பாண்டரங்கமும் நின்றாடுவனவற்றுள் அடங்கும். அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு, உயரம் ஒன்று என அளவுங் கூறப்பட்டது. அரங்கு தச்சன் தொழில். ஆடல் கூத்தி தொழில். அரங்கேற்று காதை இரண்டனையும் அடுத்தடுத்தே பேசிச் செல்கின்றது; ஒன்றற்குப் பயன்கலையென்று முத்திரையிட்டு வாயிலில் நிறுத்தவில்லை.

இதனால் முன்னோர் நெறியிற் குற்றமேயில்லை யென்று கொள்ளற்க. ஏட்டில் ஒரு பந்தியில் வைத்த கருவிகளை ஊரில் ஒரு பந்தியில் வைத்திலர். நரம்புக் கருவியாளர்க்குக் கிடைத்த மதிப்புத் தோற்கருவியாளர்க்குக் கிடைத்திலது. பறை கொட்டினவன் கோயிற்புறத்தே நிற்க நேர்ந்தது. நூல் சமன் செய்ததை வழக்கம் கெடுத்தது. இதனை மறைத்து நம் பழம்பெருமை பேசுதல் எமக்கு உடன்பாடன்று.

இனி ஐந்து சபைகளை நோக்குக. திருவாலங்காடு இரத்தின சபை. தில்லை கனக சபை. மதுரை வெள்ளி சபை. திருநெல்வேலி தாமிர சபை. குற்றாலம் சித்திர சபை. மணியும் பொன்னும் வெள்ளியும் செம்பும் வண்ணமும் ஆகிய இவ்வைந்தும் கம்மியர் கைப்பொருள்களே. குற்றாலத்தில் ஆடற்பெருமான் சுவரில் வண்ணத்தால் எழுதப்பட்டே விளங்குகின்றான். ஆடுபவன் ஒருவன், ஆடல் ஐந்து, அரங்கின் பொருளும் ஐந்து. ஆடலையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் உடன்வைத்து எண்ணும் ஒரு பாகுபாட்டினைத் தமிழ்நிலத்தின்மேல் ஊர்களாகவே பரப்பி வைத்ததுபோல இஃது எமக்குத் தோன்றுகின்றது.

கைவினைஞரை நம் முன்னோர் பெயர் சுட்டாது விட்டனர் என்பர் சிலர். பெரும்பான்மையும் அஃது உண்மையே. எனினும் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த திருவொற்றியூரிற் கல்வெட்டொன்று வேறு கதை சொல்லும். முதல் இராசேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் வேண்டுகோளின்படி, தூங்கானை மாடமாக அவ்விமானத்தைக் கல்லாற் கட்டியவன் இரவியென்னும் வீரசோழத் தச்சன் என அது குறிக்கின்றது. தச்சன் என்பதே அவன் பட்டம். அப்பட்டத்தோடு அரசன் விருதுப்பெயர் இணைந்து நின்றது. அதே கோயிலில் வியாகரணம் ஓதுவித்தற்கெனவும் ஒரு மண்டபம் இருந்தது. சுக்கிரநீதியார் கூறிய வித்தையும் கலையும் ஒரு மதிலுக்குள்ளே குடியிருந்தன.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் வெளிப்பட்டன. முப்பத்தோர் ஏடுகள், இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டிற் பழையனூரினை அக்கோயிலுக்கு அளித்த செய்தி கூறுவன. சோழர் வரலாறு எழுதுவார்க்கு அவை பெருநிதி. அவற்றின் வடமொழிப் பகுதி செய்யுள், தமிழ்ப்பகுதி ஊரெல்லையையும் ஆணையையும் கூறும் உரைநடை, எழுதப்பட்ட பொருள் செம்பு, பொறித்தது உளி. இதனைக் காவியக்கலையிற் சேர்ப்பதா, சிற்பத்திற் சேர்ப்பதா, பயன்கலையிற் சேர்ப்பதா? ஹெகலின் ஐந்து அறைகளில் எதனுள்ளும் இது முழுதும் நுழையாது. திவாகரத்தின் பத்தனுள் உலோகம் என்னும் இடத்தில் எளிதில் அமரும்.

இவ்வூரிலிருந்து சென்னை அரசினர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆடவல்லான் திருவுருவே இப்பொருளில் எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது. திருவாலங்காடு ஊர்த்துவ தாண்டவத்திற்குரிய தலம்; காளியோடு வாதாடி இறைவன் கால் மேலோங்க ஆடிய இடமென்பது புராணம். அருங்காட்சியகத்திலுள்ள அச்செப்புத் திருவுருவமோ இடக்கால் குறுக்கே தூக்கிய ஆனந்த தாண்டவ வடிவினது. திருவாசியும் விரிசடையும் இன்றி நிற்பது. கிரேவ்லி, டி. என். இராமச்சந்திரன் ஆகிய இருவரும் 1932இல் அவ்வருங்காட்சியகத்து உலோகத் திருமேனிகட்கு அட்டவணை செய்தனர். கால வரையறைக்கு அவ்வுழைப்பு இன்றியமையாதது. அதனைக் குறைகூறுதல் நன்றியின்மையாகும். ஆயின் அட்டவணையில் அவ்வுருவம் ஓர் உலோகப் பொருள். மண்டபத்திற் கண்டார்க்கு அது சிற்பம். கோயிலில் இருந்த ஞான்று அது திருமேனி. நம் நூல்கள் இறைவடிவினை உரு, அருவுரு, அரு என மூன்றாகப் பிரிக்கும். இலிங்கம் அருவுரு, கூத்தன் உரு. மேனாட்டார் பிரிவு செய்தான் கைத்திறம் பற்றி எழுந்தது. இப்பிரிவு வழிபடுவான் நிலை பற்றி எழுந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு பிரிவும் வேண்டும். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுங்கால்தான் துன்பம் விளைகின்றது.

இத்திருவுருவின் நிழற்படங்களைக் கண்டே பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதேன் சிவதாண்டவத்தைப்பற்றி வியந்து எழுதினார். அவ்வெழுத்து 1921இல் வெளியாயிற்று. அவர் நேரிற் கண்டதில்லை. ஒளிப்படம் சித்திராபாசத்தினும் மெலிந்ததோர் ஆபாசம். அதனுள்ளும் அசைவினைக் கண்டார் அப்பெருஞ்சிற்பி. ஆனந்த குமாரசுவாமி சிவதாண்டவம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் முதன்முதல் வெளிவந்தது எந்தக் கலை இதழிலுமன்று, சித்தாந்த தீபிகையிலேதான். நம்மவர் நடத்திய சைவ இதழொன்றில் தோன்றி, 1918இல் நூலாகி, பின்னரே உலகமெங்கும் கலைக்கட்டுரையெனப் பரவிற்று. அவர் அக்கட்டுரையிற் கைத்திறத்தைப் பேசியதினும் ஐந்தொழிலைப் பேசியதே மிகுதி. கலையைக் கலையாக மட்டும் காட்டியிருப்பின் அஃது அத்துணை தொலைவு சென்றிராது என்பது எம் கருத்து.

அம்மையாரைப்பற்றி ஒன்று சொல்ல எஞ்சியுள்ளது. தலையாலே நடந்து ஆலங்காட்டை அடைந்து, ஆடும் சேவடிக்கீழ் இருந்து பாடியவர் அவர். அற்புதத் திருவந்தாதியும் இரட்டை மணிமாலையும் இரு பதிகங்களும் பாடினமையின் இலக்கிய வரலாறு எழுதுவோர் அவரைக் காவியக்கலையின்பாற் சேர்ப்பர். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பியோ, ஆடும் பெருமானின் அடிக்கீழ் அவரை என்பு தோன்ற இருத்திக் கையிலே தாளத்தைக் கொடுத்திருக்கின்றான். கம்போச நாட்டுப் பந்தியாய்ச்ரீ கோயில் 967இல் அமைந்தது. அங்கும் சிவன் ஆடும் சிற்பத்தின் அடியில் மெலிந்த பெண்ணுருவொன்று காணப்படுகின்றது. அது காரைக்காலம்மையாரே யென்பது அறிஞர் பலர் துணிபு.